அசெம்பிளியில் வாசித்த பெயர்

பிப்ரவரி 18, 1977, வெள்ளி

காலையில் மழை. குவைத்தில், அதுவும் இந்த ஃபஹாஹீலில், மழை என்றால் கொஞ்ச நேரத் தூறல், அப்புறம் நாள் முழுக்கச் சேறு. மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி துவைக்க வேண்டும் என்று லலிதா முணுமுணுப்பு. கார் வைப்பர் ஓடவில்லை. ரப்பர் வெயிலில் பொரிந்துபோயிருக்கிறது. மாற்ற வேண்டும்.

நேற்று மாலை மகள் சுதாவின் பள்ளியில் விழா. அசதியில் நேற்று எழுதவில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த தலைமை ஆசிரியை மிஸஸ் ஹாலண்ட் ஆரம்பித்து வைத்த 'ஹானர் சொசைட்டி'. மார்க் மட்டும் இருந்தால் சேர்க்க மாட்டார்கள். படிப்பு, தலைமை, சேவை, ஒழுக்கம் என நாலு தகுதி. நாலுக்கும் நாலு மெழுகுவர்த்தி. ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொரு பிள்ளையாக மேடைக்கு வந்து, கையை உயர்த்தி உறுதிமொழி. ஏமாற்ற மாட்டேன், ஏமாற்றுவதைக் கண்டும் காணாமல் இருக்க மாட்டேன் என்று வருகிறது. பிறகு சட்டையில் தங்க நிறத்தில் சின்ன பின் ஒன்று குத்திவிடுகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளில் இரண்டு பேர்தான். சுதா, அவள் சிநேகிதி மும்தாஜ்.

மும்தாஜின் அப்பா செய்யது பாய், சூக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர். வியாழன் மாலை அவர் கடை பூட்டியிருந்து நான் பார்த்ததில்லை. நேற்று பூட்டிவிட்டு வந்திருந்தார். கோட்டு, பளபளவென்று ஷூ. கடைசி வரிசை. மகள் பெயரை வாசித்ததும் எழுந்து நின்று கை தட்டினார். மற்ற எல்லாரும் உட்கார்ந்தபடி. அவர் மட்டும் நின்றுகொண்டு.

வெளியே ஜூஸ் குடிக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க குடும்பத்துல இது வரைக்கும் எந்தப் பொம்பளப்புள்ளையும் டாக்டருக்குப் படிச்சதில்ல சார். எம்மச்சான் கீழக்கரையில இருந்துகிட்டு, போதும் நிறுத்து, கல்யாணத்தப் பாருன்னு உயிர எடுக்கிறாரு. இன்னிக்கு அவரு இங்க இருந்திருக்கணும்."

திரும்பும்போது காரில் சுதா பின்னைத் தடவிக்கொண்டே வந்தாள். ல. முன் சீட்டில் அழுதாள். சந்தோஷத்தில்தான். ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, இந்த மணலில் உட்கார்ந்து, இதற்காவது.


பிப்ரவரி 24, வியாழன்

பாதி நாள் டியூட்டி. பிளான்டில் கேஜ் ஒன்று பொய் சொல்கிறது. மூன்றாவது முறையாகக் கழற்றி மாட்டியும் அதே.

வீட்டுக்கு வந்தால் முன்னறையில் சுதாவும் மும்தாஜும். கெமிஸ்ட்ரி. இரண்டு பேரும் பேசுவது முழுக்க இங்கிலீஷ். ல. கேட்டால் மட்டும் தமிழ். ல. உப்புமா கொண்டுபோய் வைத்தாள். வந்து என்னிடம் சொன்னாள்: "அந்தப் பொண்ணு புஸ்தகத்து மேலயே தூங்கிடுத்து. பாவமா இருக்கு."

கடையில் வேலை பார்த்த ஆள் லீவில் ஊருக்குப் போய்விட்டானாம். செய்யது பாய் மொத்த மார்க்கெட்டுக்குப் போகும் நேரமெல்லாம் இவள்தான் கல்லாவில். ஸ்கூல் விட்டதும் நேரே கடை.

சுதாவின் கண்டிப்பு தாங்கவில்லை. ஆபீஸ் பென்சில் ஒன்று என் சட்டைப் பையோடு வந்துவிட்டது. "இது கம்பெனியோடதுப்பா. திருப்பிக் குடுத்துடுங்க." சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பின் குத்தியதிலிருந்து இப்படித்தான். சொசைட்டி விதிகள் அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள், படித்துப் படித்து ஓரம் மடங்கிவிட்டது. சராசரி மார்க் குறைந்தால் முதலில் எச்சரிக்கை, அப்புறம் நீக்கம். "சேர்றத விட உள்ள இருக்கறதுதான்பா கஷ்டம்" என்றாள். பதினாறு வயதில் பேசுகிற பேச்சா.


மார்ச் 6, ஞாயிறு

தோஸ். அரபுக்காரர்கள் புழுதிக் காற்றுக்கு வைத்த பெயர். வாயில் வைத்தால் சோறு நறநற. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்தும் மெத்தை வரை மணல். ஏ.சி. அடைத்துக்கொண்டது.

பிள்ளைகளுக்குப் பரீட்சை ஆரம்பம். இன்று கணக்கு.

சுதா சாப்பிடவில்லை. சரியாக எழுதலையா என்றால் "நல்லாத்தான் எழுதியிருக்கேன்." ல. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜுரம் இல்லை.


மார்ச் 8, செவ்வாய்

புழுதி அடங்கிவிட்டது. ஏ.சி. பில்டரைக் கழற்றி மாடியில் கழுவிக்கொண்டிருந்தேன். சுதா வந்து பக்கத்தில் நின்றாள். கிளம்புகிற மாதிரித் தெரியவில்லை.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். அம்மாகிட்ட சொல்லாதீங்க."

விஷயம் இது. கணக்குப் பரீட்சையில் மும்தாஜ் ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியின் உட்புறம் சூத்திரங்கள் எழுதிய காகிதத்தை ஒட்டி வைத்திருந்தாள். பார்த்து எழுதினாள். பக்கத்து வரிசையிலிருந்த சுதா கண்டுவிட்டாள். வேறு யாரும் காணவில்லை. வெளியே வந்ததும் கேட்டிருக்கிறாள். மும்தாஜ் மறைக்கவில்லையாம். "கடையிலேயே ரெண்டு வாரம் போயிடுச்சுடி. ஒண்ணும் படிக்கல. இந்த பேப்பர் போச்சுன்னா சராசரி போயிடும், சொசைட்டியிலேருந்து எடுத்துடுவாங்க. வாப்பா எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்காரு. நீ பாக்கலன்னு வச்சுக்கோ."

"நீயே போய்ச் சொல்லிடு" என்று சுதா இரண்டு நாளாகக் கெஞ்சியிருக்கிறாள். அவள் மாட்டேன் என்கிறாள்.

"நான் என்னப்பா செய்யறது? கண்டும் காணாம இருக்க மாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேனே."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. என்ன சொல்வது. சொல்லாதே என்றால், ஒரு பென்சிலைக்கூடத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன பெண்ணிடம் எந்த முகத்தோடு. சொல் என்றால், அது நம் வீட்டில் உப்புமா சாப்பிட்டுத் தூங்கிய பிள்ளை.

"உனக்கு எது சரின்னு படறதோ அதைச் செய்" என்றேன்.

தலையாட்டிவிட்டுக் கீழே போனாள். பதில் மாதிரி இருந்தது, பதில் இல்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும்.


மார்ச் 9, புதன்

சொல்லிவிட்டாள். காலை முதல் மணிக்கு முன்னாலேயே மிஸஸ் ஹாலண்ட் அறைக்குப் போய்.

மும்தாஜைக் கூப்பிட்டு விசாரித்ததும் உடனே ஒப்புக்கொண்டாளாம். அழவில்லை. யார் சொன்னார்கள் என்றும் கேட்கவில்லை.

சுதா வந்து யூனிஃபார்மோடு படுத்தவள், எழுந்திருக்கவே இல்லை. ல. வுக்கும் இப்போது தெரியும். "சரியாத்தானே செஞ்சிருக்கா? அப்புறம் எதுக்கு இப்படிக் கிடக்கா?" என்று என்னைக் கேட்கிறாள்.


மார்ச் 12, சனி

வெயில் ஆரம்பித்துவிட்டது. காலையிலேயே ஸ்டீயரிங் சுடுகிறது.

பள்ளியில் ஆசிரியர் குழு கூடி முடிவெடுத்துவிட்டது. கணக்குத் தாளுக்குப் பூஜ்யம். ஒரு வாரம் வகுப்புக்கு வரக்கூடாது. சொசைட்டியிலிருந்து நீக்கம். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, இன்று காலை அசெம்பிளியில் மொத்தப் பள்ளிக்கும் முன்னால் மும்தாஜின் பெயரை வாசித்தது. பரீட்சையில் ஏமாற்றியதால் நீக்கப்படுகிறாள் என்று. அவள் நடந்துபோய் பின்னைக் கழற்றி மிஸஸ் ஹாலண்ட் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தாளாம்.

சுதா சொன்னது: "பின் ஈஸியா வரலப்பா. திருகாணி சிக்கிடுச்சு. ரொம்ப நேரம் அங்கேயே நின்னு திருகிண்டே இருந்தா. யாரும் பேசல. நான் போய்க் கழட்டி விடலாமான்னு நினைச்சேன். கால் வரல."

 


மார்ச் 14, திங்கள்

அரிசி தீர்ந்துவிட்டது. வேறு கடைக்குப் போகலாம் என்றாள் ல. அது சரியில்லை என்று செய்யது பாய் கடைக்கே போனேன். வாசலில் காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர் வழக்கம்போல "வாங்க சார்" என்றார். தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பம்பாய் பிளேனில் முருங்கைக்காய் வந்திருந்தது. நான் கேட்காமலே எடுத்துக் கட்டினார்.

"பாய், எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். உங்க புள்ள செஞ்சது சரி. எம்மவ செஞ்சது தப்பு. இதுல பேச என்ன இருக்கு."

திட்டியிருந்தால் தேவலை.

பொட்டலத்தைக் கட்டி முடித்துவிட்டு அவரே தொடர்ந்தார். "சனிக்கிழமை காலைல ஸ்கூல்ல அவ பேர வாசிச்சிருக்காங்க. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு நான் பள்ளிவாசலுக்குப் போறேன். எங்க ஊர்க்காரரு ஒருத்தரு, அவரு மவனும் அங்கதான் படிக்கிறான், வந்து என் தோளத் தொட்டு, கவலைப்படாதீங்கன்னு சொல்றாரு. எனக்கு எதுக்குன்னே தெரியாது சார். அவரு சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

மும்தாஜ் முந்தின புதன்கிழமையே வீட்டில் சொல்லப் பார்த்திருக்கிறாள். தைரியம் வரவில்லை.

"ஊருக்கும் எட்டிடுச்சு. நேத்து மச்சான் ட்ரங்கால் போட்டு, புள்ளைய ஊருக்கு அனுப்பு, கல்யாணத்த முடிச்சுடலாம்னு சொல்றாரு. இத்தன நாளா அவருகிட்ட நான் ஒரே பேச்சுதான் சார் பேசிக்கிட்டிருந்தேன். எம்மவ நல்ல இடத்துல இருக்கா, நல்ல பேரோட இருக்கான்னு. இப்ப எனக்குப் பேச வாய் இல்ல."

ஒரு பலூச்சி ஆள் தீப்பெட்டி கேட்டு வந்தான். எடுத்துக் கொடுத்துவிட்டு அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தார். வந்துவிட்டேன்.


மார்ச் 15, செவ்வாய்

ல. வோடு சண்டை.

ஸ்கூலுக்குப் போய் மிஸஸ் ஹாலண்டிடம் பேசப்போகிறேன் என்றேன். அவளுக்கு ஆத்திரம். "எதுக்கு? காப்பியடிச்சது நம்ம பொண்ணா? நம்ம பொண்ணு என்னவோ கொலை பண்ணிட்ட மாதிரி மூலைல உக்காந்திண்டிருக்கா. நீங்க வேற போய் மன்னிப்புக் கேட்டா, அவ செஞ்சது தப்புன்னு ஆயிடாதா?"

அதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் கத்தினேன்.

சுதா அறைக்குள்ளிருந்து ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். சிற்றலையில் கரகரப்பு மட்டும்.


மார்ச் 17, வியாழன்

மிஸஸ் ஹாலண்டைப் பார்த்தேன். கொடுமைக்காரி இல்லை. அதுதான் கஷ்டம். எழுந்து வந்து நாற்காலி போட்டார். தானே டீ கலந்தார். மும்தாஜ் மாதிரிப் பெண் பத்து வருஷத்துக்கு ஒருத்திதான் வருவாள் என்றார். தீர்ப்பு சொன்ன அன்று தானும் தூங்கவில்லை என்றார்.

போன வருஷம் கான்டிராக்டர் ஒருவருடைய பையன் இதே மாதிரி மாட்டினானே, அவன் பெயரை அசெம்பிளியில் வாசிக்கவில்லையே என்று கேட்டேன். சுதா சொல்லிக் கேள்விப்பட்டது.

"அவன் சொசைட்டியில் இல்லை. உறுதிமொழி எடுக்கவில்லை. பூஜ்யம் போட்டோம், முடிந்தது" என்றார்.

அப்படியானால் அந்தப் பெண் சேராமலே இருந்திருந்தால் ஒரு பூஜ்யத்தோடு போயிருக்கும். சேர்ந்த குற்றத்துக்குத்தான் இவ்வளவும். இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்றுதான் இதை ஆரம்பித்தேன். யார் பிள்ளை, எந்த நாடு என்று பார்க்காமல்" என்றார்.

அளவுகோல் ஒன்றுதான். அடி விழும் இடம் வேறு வேறு. இது அங்கே தோன்றவில்லை, காரில் வரும்போதுதான் தோன்றியது. எப்போதும் இப்படித்தான் எனக்கு.

மும்தாஜை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது என்றேன். உண்மையாகவே திடுக்கிட்டார். "நான் அனுப்பவில்லையே. சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வரலாம்." பிறகு, அவள் தகப்பனாரிடம் தானே பேசுகிறேன், நீங்கள் கூட இருந்து மொழிபெயர்க்க முடியுமா என்று கேட்டார்.


மார்ச் 19, சனி

இன்று மும்தாஜ் பள்ளிக்கு வரவில்லை.

மாலை மிஸஸ் ஹாலண்ட் தன் காரில் கடைக்கு வந்தார். நான் முன்னாலேயே போய் நின்றிருந்தேன். செய்யது பாய் பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, சோடா உடைத்து, தானும் நிற்க, நானும் நிற்க, அந்த அம்மாள் மட்டும் பருப்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

உங்கள் மகள் புத்திசாலி, தண்டனை முடிந்துவிட்டது, திரும்பி வரட்டும் என்றார். சொன்னேன்.

"வர்றப்ப மத்த புள்ளைங்க அவள எப்படிப் பாக்கும்னு கேளுங்க சார்."

கேட்டேன். பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்றார்.

"புள்ளைங்க மறந்துடும். எங்க ஆளுங்க மறக்க மாட்டாங்க. மவ என்னத்தத் திருடிட்டான்னு ஒருத்தன் கேக்குறான். இன்னொருத்தன் ஸ்கூல விட்டே வெரட்டிட்டாங்களாமேங்கிறான்."

இதை மொழிபெயர்த்ததும் மிஸஸ் ஹாலண்ட் முகம் சிவந்துவிட்டது. திருட்டு என்ற சொல்லையே தான் பயன்படுத்தவில்லை என்றார். ஆமாம், பயன்படுத்தவில்லை. மேடையில் சொன்னது ஒன்று. பள்ளிவாசலுக்கு வருவதற்குள் வேறொன்று. கீழக்கரை போய்ச் சேர்ந்தபோது என்னவாக இருந்ததோ.

நடுவில் ஒரு அரபுப் பெண்மணி வந்து ஏலக்காய் கேட்டாள். இருந்த ஏலக்காய் பிடிக்கவில்லை. முனகிக்கொண்டே போனாள்.

செய்யது பாய் தொடர்ந்தார். "அந்தம்மாகிட்ட இன்னும் ஒண்ணு கேளுங்க. என்னையக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே. ரூமுக்குள்ள வச்சு பின்ன வாங்கியிருக்கலாமே. அத்தன பேரு முன்னாடி எதுக்கு?"

சேர்த்ததும் எல்லார் முன்னிலையில்தானே, அந்த மரியாதையை எல்லாரும் பார்த்தார்கள், எடுக்கும்போது மட்டும் மறைத்தால் மரியாதைக்கு என்ன அர்த்தம் என்றார் மிஸஸ் ஹாலண்ட். கோபமாக இல்லை. தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி.

சொன்னேன். செய்யது பாயின் கை சோடா மூடியை உருட்டிக்கொண்டிருந்தது.

"நியாயந்தான் சார். ஆனா அந்த நியாயத்த எம்மவ தாங்க மாட்டான்னு சொல்லுங்க. அது போதும்."

இதை எப்படி இங்கிலீஷில் சொல்வதென்று தெரியாமல் தடுமாறினேன். ஏதோ சொன்னேன். அவர் சொன்னது அது இல்லை.

போகும்போது மிஸஸ் ஹாலண்ட் கை கொடுக்க நீட்டினார். பாய் நெஞ்சில் கையை வைத்துக் குனிந்தார். கதவு வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து, என்னிடம்: "மச்சான் வார்த்த குடுத்துட்டாரு சார். மாப்ள கொழும்புல யாவாரம். நல்ல ஆளுங்கதான்."

"பாய், பதினேழு வயசுப் பொண்ணு. டாக்டருக்குப் படிக்கணும்னு..."

"கலாஸ் சார்" என்றார். முடிந்தது. அரபியில் சொன்னதால் மேலே பேச முடியவில்லை. கடைக்காரர் பேரத்தை முடிக்கிற சொல்.


மார்ச் 22, செவ்வாய்

வாங்க வேண்டியது: வைப்பர் ரப்பர் (இன்னும்), டார்ச் பேட்டரி, ல. வுக்குத் தலைவலி மாத்திரை.

சுதா பின் குத்தாமல் பள்ளிக்குப் போகிறாள். சொசைட்டியிலிருந்து விலகப்போவதாகச் சொன்னாள். ல. "பைத்தியமா உனக்கு? காலேஜ் அட்மிஷனுக்கு இதைத்தானே முதல்ல பாப்பான்னு நீதானே சொன்னே?" விலகினால் மறுபடி சேர முடியாதாம், புத்தகத்தில் இருக்கிறது.

"நான் உள்ள இருந்தா அவ பேர வாசிச்சது சரின்னு ஆயிடும்மா."

"நீ வெளிய வந்தா அவ பேர வாசிச்சது இல்லேன்னு ஆயிடுமா?"

எங்கள் வீட்டில் இப்போது எல்லாரும் சரியாகத்தான் பேசுகிறோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை.


மார்ச் 25, வெள்ளி

சுதா தானே கேட்டாள், மும்தாஜ் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று. ல. ஒரு டப்பாவில் முறுக்கு போட்டுக் கொடுத்தாள்.

கடைக்கு மேலேதான் வீடு. செய்யது பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். மும்தாஜின் அம்மா கதவைத் திறந்தார். சுதாவைக் கண்டதும் ஒரு விநாடி அப்படியே நின்றார். பிறகு "உள்ள இருக்கா, போம்மா." எனக்குத் தேநீர் வைத்தார். நடு அறையில் பெட்டி திறந்து கிடந்தது. புதுப் புடவைகள், பால்பவுடர் டின்கள், ஒரு டேப் ரிக்கார்டர். ஊருக்குப் போகிற எல்லாருடைய பெட்டியும் மாதிரி.

உள் அறைக் கதவு சாத்தவில்லை. கேட்கக்கூடாது என்று நினைத்தேன், கேட்டது. வழக்கத்துக்கு மாறாக இரண்டு பேரும் தமிழில் பேசினார்கள்.

சுதா: "இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதுடி."

"எனக்கும்தான் தெரியாது."

"இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருந்தா நீயே சொல்லியிருப்பே இல்ல?"

உள்ளே அலமாரிக் கதவு திறந்து மூடுகிற சத்தம்.

"இல்லடி. சொல்லியிருக்க மாட்டேன்."

பொய் சொல்லியிருக்கலாம் அந்தப் பெண். சுதாவுக்கு ஆறுதலாகவோ, குத்திக் காட்டவோ. இரண்டும் செய்யவில்லை. ஒழுக்கம் என்று ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்களே, அது வேறு என்னவாம்.

அப்புறம் சுதாவின் அழுகை. மும்தாஜ் அழுததாகத் தெரியவில்லை. அவள் அம்மா சமையலறையில் என் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கழுவிய தம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.


மார்ச் 30, புதன்

செய்யது பாய் வேன் ரிப்பேர். ஏர்போர்ட்டுக்கு என் காரில் கொண்டுபோய் விட முடியுமா என்று நேற்று கேட்டனுப்பினார். வேறு ஆளா கிடைக்காது. என்னைக் கேட்டார். பெர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன்.

அவர் முன் சீட்டில். பின்னால் மும்தாஜும் அவள் அம்மாவும். அம்மாவும் கூடப் போகிறார், கல்யாணம் முடித்துவிட்டுத்தான் திரும்புவார். சுதா வரவில்லை. கெமிஸ்ட்ரி பிராக்டிகல்.

வழி முழுக்கக் குழாய்ப் பாதைகள், எரிகிற வாயுச் சுடர், ஒட்டகங்கள். பாய் ஒரு தடவை "ரோட்டு வேல நல்லாப் பண்ணியிருக்கான்" என்றார். ஆமாம் என்றேன்.

பெட்டிகளை இறக்கும்போது மும்தாஜ் என் பக்கத்தில் வந்தாள். தலையில் முக்காடு. பள்ளி யூனிஃபார்மில்லாமல் நான் அவளைப் பார்த்தது மிகக் குறைவு. பெரிய பெண்ணாகத் தெரிந்தாள்.

"அங்கிள், சுதாவுக்கு டைட்ரேஷன்ல கடைசிச் சொட்டு எப்பவும் கூடிடும். அவசரப்படுவா. கலர் மாற ஆரம்பிச்சதும் கையை எடுக்கச் சொல்லுங்க."

சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்ல. நன்றாக இரு என்று சொல்ல வாய் வரவில்லை.

செய்யது பாய் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, அவர்கள் உள்ளே போய் மறைந்த பிறகும் நின்றார். திரும்பும்போது கார் கண்ணாடியைத் தானே இறக்கிவிட்டுக்கொண்டார். அனல் காற்று. ஏற்றச் சொல்லி நான் சொல்லவில்லை.

கடை வாசலில் இறங்கியவர் குனிந்து, "சின்னவள அந்த ஸ்கூல்ல போடல சார்" என்றார். மும்தாஜின் தங்கை. வருகிற வருஷம் சேர்க்க வேண்டியவள். "இங்கயே பக்கத்துல எதிலாவது கொஞ்சம் படிக்கட்டும். போதும்."

வீட்டுக்கு வந்து சுதாவிடம் டைட்ரேஷன் சமாசாரத்தைச் சொன்னேன். "இன்னிக்கு கூடிடுச்சுப்பா" என்றாள்.


ஏப்ரல் 6, புதன்

வைப்பர் மாற்றியாகிவிட்டது. இனி மழை கிடையாது.

சுதா விலகவில்லை. யோசித்து, உள்ளே இருந்தே ஒன்று செய்கிறேன் என்றாள். இன்று மாலை சொசைட்டிக் கூட்டம். நீக்கப்படுகிறவர் பெயரை அசெம்பிளியில் வாசிக்கக்கூடாது, வீட்டாரைக் கூப்பிட்டுச் சொன்னால் போதும் என்று விதியைத் திருத்தக் கேட்கப்போவதாக. ஒரு வாரமாக எழுதி எழுதிப் பார்த்தாள். நேற்று என் முன்னால் நின்று வாசித்துக் காட்டினாள். நன்றாக இருந்தது. ல. கூட "நிறுத்தி நிதானமா சொல்லு" என்றாள். மிஸஸ் ஹாலண்டும் தடுக்கவில்லையாம். உறுப்பினர்கள் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்.

கூட்டிவரப் போனேன். கேட் அருகே பையோடு நின்றிருந்தாள். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். ரொம்ப தூரம் வந்த பிறகு கேட்டேன்.

"பேசினியா?"

"பேசினேன்."

"கேட்டாங்களா?"

"நல்லா கேட்டாங்கப்பா. கை தட்டினாங்க. அப்புறம் ஓட்டு."

"எத்தனை பேர் கை தூக்கினாங்க?"

"நான் மட்டும்."

எதிரே டேங்கர் லாரி. ஒதுங்கி வழி விட்டேன்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு பையனுக்குப் பர்த்டே. கேக் வெட்டினாங்க."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா."